கடைமடைக்கு வந்த இமேஜ்

சுவிட்சு என்ற பெயருக்கு இரண்டு பொறிகள் உரியவை. ஒன்று, தொலைபேசி எக்ஸ்சேஞ்சில் இருந்துகொண்டு கூப்பிடுபவரின் கம்பியைக் கூப்பிடப்படுபவரின் கம்பியோடு சேர்த்துவைப்பது. மற்றது, அலுவலகத்திலும் கல்லூரியிலும் வங்கியிலும் சுவரோரப் பெட்டிக்குள் பச்சை விளக்குகளை மினுக்கியபடி, ஒரு கணினியின் தரவை வாங்கி இன்னொன்றுக்குத் தள்ளிவிடுவது. இரண்டும் வெவ்வேறு காலத்துப் பிள்ளைகள். ஆனாலும் ஒரு தேவை இரண்டுக்கும் பொது. என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்லும் நிரல் வேறெங்கோ எழுதப்பட்டு, பயணம் செய்து வந்து, பொறிக்குள் ஏற்றப்பட வேண்டும். அந்த நிரல் முழுவதையும் ஒரே கட்டாகக் கட்டிய நகலுக்கு ஃபர்ம்வேர் இமேஜ் என்று பெயர். தொழிலில் இருப்பவர்கள் சுருக்கமாக ‘இமேஜ் ஏத்தியாச்சா’ என்பார்கள். சிஸ்கோ நிறுவனத்தின் சுவிட்சாக இருந்தால், அதன் நிரலின் பெயரைச் சொல்லி, ‘ஐஓஎஸ் போட்டாச்சா’ என்பார்கள்.

நிரல் பயணம் செய்து வர வேண்டும் என்பதால், அது எங்கே போய்ச் சேருகிறது என்பதும் இந்த வரலாற்றில் முக்கியமாகிறது. கன்னியாகுமரி மாவட்டத்தின் நாஞ்சில் நாட்டு விவசாயிக்குக் கடைமடை என்றால் விளக்க வேண்டியதில்லை. 1906இல் பேச்சிப்பாறை அணை கட்டி முடிக்கப்பட்ட பிறகும், கோதையாற்றுக் கால்வாய்களின் கடைசி வயலுக்குத் தண்ணீர் கடைசியாகத்தான் வந்தது. இந்தியத் தொலைத்தொடர்பின் வரைபடத்தில் கன்னியாகுமரி மாவட்டமே ஒரு கடைமடை. டெல்லியிலும் பெங்களூரிலும் கலிஃபோர்னியாவிலும் எழுதப்பட்ட நிரல்கள் சில்லாகவும் நாடாவாகவும் குறுவட்டாகவும் வந்து, கடைசியில் கம்பி வழியாகவே வரத் தொடங்கின.

நிரல் என்ற ஒன்று தனியாக இல்லாத காலம் நீளமானது. 1882 ஜனவரியில் கல்கத்தா, பம்பாய், சென்னை நகரங்களில் தொலைபேசி எக்ஸ்சேஞ்சுகள் திறக்கப்பட்டபோது சுவிட்சு என்பது பலகையும் செருகுகயிறும், அவற்றை இயக்கும் மனிதரும்தான். யாரோடு யாரைச் சேர்ப்பது, யாரைக் காத்திருக்கச் சொல்வது என்ற அறிவெல்லாம் ஆபரேட்டரின் தலைக்குள் இருந்தது. அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில் பிணஅடக்கத் தொழில் செய்துவந்த ஆல்மன் ஸ்ட்ரௌஜர் அந்த அறிவை இரும்புக்கு மாற்றினார். 1891இல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. தன் வாடிக்கையாளர்களின் அழைப்புகளை ஆபரேட்டர் போட்டியாளருக்குத் திருப்பிவிடுகிறார் என்ற சந்தேகமே அவரை இதில் இறக்கியது என்று ஒரு கதை வழங்குகிறது. இந்தியாவின் முதல் தானியங்கி எக்ஸ்சேஞ்ச் முதல் உலகப் போர்க் காலத்தை ஒட்டிச் சிம்லாவில் வந்தது. 1948இல் பெங்களூரில் தொடங்கிய இந்தியத் தொலைபேசித் தொழிற்சாலை ஸ்ட்ரௌஜர் கருவிகளை உள்நாட்டிலேயே செய்யத் தொடங்கியது.

ஸ்ட்ரௌஜர் சுவிட்சில் வட்டை ஒருமுறை சுழற்றினால் வரும் மின்துடிப்புகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப ஓர் உலோகக் கை படிப்படியாக மேலே ஏறும். பிறகு பக்கவாட்டில் சுழன்று தன் தொடர்பைத் தேடும். எந்த எண்ணுக்கு எந்த வழி என்பது கம்பியை எப்படிச் சாலிடர் செய்தார்கள் என்பதில் அடங்கியிருந்தது. வழியை மாற்ற வேண்டுமானால் கம்பியைக் கழற்றி மாற்ற வேண்டும். மடைப்பலகையை மாற்றி வைத்தால்தான் தண்ணீர் வேறு வாய்க்காலில் போகும் என்பது போலத்தான் இதுவும். பழுது பார்ப்பதும் கைவேலைதான். தொடர்புமுனைகளைத் துடைப்பது, நிமிர்த்துவது, எந்த ரேக்கில் சத்தம் மாறியிருக்கிறது என்று காதால் பிடிப்பது. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் பெய்கிற, கடலின் உப்புக்காற்று வீசுகிற ஒரு மாவட்டத்தில் இப்படித் திறந்த உலோகத்தை நம்பியிருப்பது எவ்வளவு சிரமம் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

நிரல் பொறியிலிருந்து பிரிந்த ஆண்டு 1965. அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் சக்கசுன்னா என்ற ஊரில் பெல் நிறுவனம் ‘நம்பர் 1 இஎஸ்எஸ்’ என்ற மின்னணு எக்ஸ்சேஞ்சைத் தொடங்கியது. அதன் நிரல் அலுமினியத் தகடுகளில் ஒட்டிய நுண்காந்தப் புள்ளிகளாக இருந்தது. ஒரு புள்ளி காந்தமேற்றப்பட்டிருந்தால் ஒரு பொருள், ஏற்றப்படாதிருந்தால் வேறு பொருள். நிரலை மாற்ற வேண்டுமானால் தகடுகளை வெளியே எடுத்து, புதிய காந்தப் பதிவோடு மறுபடி செருக வேண்டும். பொறியை அப்படியே வைத்துக்கொண்டு அதன் அறிவை மட்டும் மாற்றியது தொலைபேசி உலகில் அங்கேதான் தொடங்கியது. இரண்டு ஆண்டு கழித்து, 1967இல், ஆஷர் ஆப்லர் என்பவர் ஒரு கணினி இதழில் ‘ஃபர்ம்வேர்’ என்ற சொல்லை உருவாக்கிப் பயன்படுத்தினார். வன்பொருளுக்கும் மென்பொருளுக்கும் நடுவில், எளிதில் அசையாமல் நிற்பது என்ற பொருளில் அந்தச் சொல் பிறந்தது. இன்று ஃபர்ம்வேர் எனப்படுவதில் பெரும்பகுதி அவர் நினைத்ததைவிட மிக எளிதாக அசைகிறது.

இந்தியக் கிராமங்களுக்கு இந்த வகைச் சுவிட்சைக் கொண்டுவந்தது சி-டாட். 1984 ஆகஸ்டில், சாம் பிட்ரோடாவின் முனைப்பில் தொடங்கப்பட்ட இந்த நிறுவனத்துக்கு 36 மாதமும் 36 கோடி ரூபாயும் கொடுக்கப்பட்டன. அதன் முதல் பெரிய வெற்றி ‘ராக்ஸ்’ என்ற கிராமத் தானியங்கி எக்ஸ்சேஞ்ச். 128 இணைப்புமுனைகள் கொண்ட அது 1986இல் கர்நாடகத்தின் கிட்டூரில் முதலில் இயங்கியது. வெளிநாட்டு எக்ஸ்சேஞ்சுகள் குளிர்பதன அறை கேட்டன, ராக்ஸ் கேட்கவில்லை. புழுக்கமும் தூசியும் விட்டுவிட்டு வரும் மின்சாரமும்தான் தன் வாழ்க்கை என்று தெரிந்தே அது வடிவமைக்கப்பட்டது. தொழில்நுட்ப வரலாற்றில் இந்த ஒரு முடிவு மற்ற பலவற்றைவிடப் பெரியது. ஊராட்சிக் கட்டடத்தின் ஓர் அறையிலேயே ஒரு தொலைபேசி எக்ஸ்சேஞ்சை வைத்துவிட முடியும் என்பது அதனால்தான் சாத்தியமானது.

கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இது ஏன் பொருந்தி வந்தது என்பதை அதன் அமைப்பே சொல்லும். பரப்பு ஏறக்குறைய 1,684 சதுர கிலோமீட்டர்தான். 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 18 லட்சத்தைத் தாண்டியது. ஓர் ஊர் முடிகிற இடத்தில் அடுத்த ஊர் தொடங்கிவிடும். தோட்டங்களுக்கு நடுவே தனித்தனியாக வீடுகள். வளைகுடா நாடுகளில் வேலைக்குப் போன பிள்ளைகள் ஏராளம். கடிதத்தை நம்பியிருந்த குடும்பங்களுக்கு, மஞ்சள் பலகை மாட்டிய எஸ்டிடி-ஐஎஸ்டி கடைகள் வந்தபோது பேச்சுக்குப் பசி இருந்தது. சொந்தமாகத் தொலைபேசி வாங்கப் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்களும் உண்டு. சின்னச் சின்ன எக்ஸ்சேஞ்சுகள் நிறைய வேண்டியிருந்த நிலப்பகுதி இது.

ராக்ஸின் நிரல் இப்ராம் என்ற சில்லுகளில் பதிந்து வந்தது. 1971இல் இன்டெல் நிறுவனத்தின் டோவ் ஃப்ரோமன் கண்டுபிடித்த இந்தச் சில்லின் முதுகில் குவார்ட்ஸ் கண்ணாடியாலான சிறு ஜன்னல் இருக்கும். புற ஊதாக் கதிரை அந்த ஜன்னல் வழியாகச் சில நிமிடங்கள் செலுத்தினால் எழுதியதெல்லாம் அழியும். பிறகு தனிக் கருவியில் வைத்துப் புதிதாக எழுதலாம். வெயிலில் பட்டு நாளாவட்டத்தில் அழிந்துவிடாமலிருக்க ஜன்னலின் மேல் ஒரு காகிதச் சீட்டு ஒட்டுவார்கள். பதிப்பு எண்ணையும் அதிலேயே எழுதிவிடுவார்கள். நிரலில் பிழை கண்டுபிடிக்கப்பட்டால் புதிய சில்லுகள் தபாலிலோ ஒருவர் கையிலோ ஊருக்கு வரவேண்டும். கார்டை உருவி, கால் மடங்காமல் பழைய சில்லைக் கிளப்பி, திசை மாறாமல் புதியதைச் செருக வேண்டும். தலைகீழாகச் செருகிய சில்லுக்கு மின்சாரம் கொடுத்தால் அது பெரும்பாலும் பிழைக்காது. ‘இமேஜ் ஏற்றுதல்’ என்ற வேலையின் முதல் வடிவம் இதுதான்: விரலால் செய்வது, திரும்பப் பெற முடிவது, மெதுவாகப் பரவுவது. பிழையான நிரலும் ஒரே நாளில் எல்லா ஊருக்கும் போய்விட முடியாது என்பது இந்த மெதுவான முறையில் யாரும் கேட்காமலே கிடைத்த பாதுகாப்பு.

நிரல் ஒன்று, அதற்கு உள்ளூரில் கொடுக்கும் விவரங்கள் வேறு. இந்த வேறுபாடு புரியாமல் சுவிட்சு வேலை புரியாது. ராக்ஸின் நிரல் கிட்டூரிலும் கல்குளம் வட்டத்திலும் ஒன்றேதான். எந்த எண் யாருடையது, எந்த முன்குறிக்கு எந்த வழி என்பவை அந்தந்த ஊருக்குரிய தரவு. நாகர்கோவிலின் எஸ்டிடி குறி 04652. குழித்துறை பக்கத்துக்கு 04651. எல்லையிலுள்ள களியக்காவிளையில் நிற்பவருக்குக் கேரளத்தின் பாறசாலை நடந்தே போகக்கூடிய அடுத்த ஊர். ஆனால் அங்கே குறி 0471, திருவனந்தபுரத்தின் குறி. 1956 நவம்பர் 1இல் இந்த மாவட்டமாக ஆன நான்கு வட்டங்கள் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது போடப்பட்ட கோடு எக்ஸ்சேஞ்சின் வழிப்பட்டியலிலும் வந்து உட்கார்ந்துவிட்டது. 2000களின் தொடக்கத்தில் பிஎஸ்என்எல் தரைவழி எண்களுக்கு முன்னால் 2 சேர்க்கப்பட்டபோதும், 2021 ஜனவரி 15 முதல் தரைவழித் தொலைபேசியிலிருந்து கைப்பேசியைக் கூப்பிட 0 போட வேண்டும் என்று ஆனபோதும், ஒவ்வொரு எக்ஸ்சேஞ்சிலும் இந்தத் தரவைத் திருத்த வேண்டியிருந்தது. தரவில் தவறினால் ஒரு வழி மட்டும் கெடும். நிரலில் தவறினால் எக்ஸ்சேஞ்சே படுத்துவிடும்.

நகரங்களுக்கான பெரிய எக்ஸ்சேஞ்சை ‘மேக்ஸ்’ என்ற பெயரில் சி-டாட் கொண்டுவந்தது. இதில் நிரல் சில்லோடு நிற்கவில்லை. உள்ளீடு-வெளியீட்டுக்கென்றே ஒரு கணினி, அதில் வன்தட்டு, பக்கத்தில் காட்ரிட்ஜ் நாடா. புதிய பதிப்பு நாடாவில் வரும். நாடாவிலிருந்து தட்டுக்கும், தட்டிலிருந்து ஒவ்வொரு செயலிக்கும் இறங்கும். முக்கியமான செயலிகள் எல்லாம் இரட்டை. ஒன்று அழைப்புகளைப் பார்த்துக்கொண்டிருக்க, மற்றது தயாராகக் காத்திருக்கும். இரட்டை அமைப்பின் உண்மையான லாபம் பழுது நேரத்தைவிடப் பதிப்பு மாற்றும் இரவில்தான் தெரியும். காத்திருக்கும் பாதியில் புதிய நிரலை ஏற்றிப் பார்த்து, சரியென்றால் பொறுப்பை அதற்கு மாற்றலாம். சரியில்லையென்றால் பழைய பாதி அப்படியே இருக்கிறது. இந்த வேலைக்கு நள்ளிரவைத் தேர்ந்தெடுப்பது வழக்கம். அழைப்புகள் குறைவு, வளைகுடாவிலிருந்து வரும் அழைப்புகளும் அதற்குள் ஓய்ந்திருக்கும்.

இரட்டை வைத்திருந்தாலும் போதாது என்பதை 1990 ஜனவரி 15 காட்டியது. முந்தைய மாதம் அமெரிக்காவின் ஏடி அண்ட் டி நிறுவனம் தன் நெடுந்தூரச் சுவிட்சுகள் 114லும் ஒரு திருத்திய நிரலை ஏற்றியிருந்தது. அதில் ஒரு கட்டளை இருக்கக் கூடாத இடத்தில் இருந்தது. நியூயார்க்கில் ஒரு சுவிட்சு சிறு கோளாறால் தன்னைத்தானே மீட்டுக்கொண்டு ‘வந்துவிட்டேன்’ என்று அண்டைச் சுவிட்சுகளுக்குச் செய்தி அனுப்ப, அந்தச் செய்தியைக் கையாளும்போது அவை விழுந்தன. அவை எழுந்து செய்தி அனுப்ப, அவற்றின் அண்டைகள் விழுந்தன. ஏறக்குறைய ஒன்பது மணி நேரம் கோடிக்கணக்கான அழைப்புகள் போய்ச் சேரவில்லை. எல்லாச் சுவிட்சிலும் ஒரே இமேஜ் இருந்ததால்தான் ஒரே நோய் எல்லாவற்றுக்கும் தொற்றியது.

அதே 1990இல் இரண்டாவது வகைச் சுவிட்சு பிறந்தது. வினோத் பரத்வாஜ் என்ற இந்திய வம்சாவளிப் பொறியாளர் கலிஃபோர்னியாவில் தொடங்கிய நிறுவனத்தின் பெயர் கல்பனா. அவர் மனைவியின் பெயர் அது. கல்பனாவின் ஈதர்சுவிட்சில் ஏழு முனைகள். அதுவரை ஒரே கம்பியைப் பகிர்ந்து முட்டிக்கொண்டிருந்த கணினிகள் இப்போது தங்களுக்குள் தனித்தனி வழி பெற்றன. 1994இல் கல்பனாவைச் சிஸ்கோ வாங்கியது. அதற்கு முந்தைய ஆண்டு கிரெசெண்டோ, அடுத்த ஆண்டு கிராண்ட் ஜங்ஷன். சிஸ்கோவின் ‘கேட்டலிஸ்ட்’ சுவிட்சுகள் இந்த மூன்று குடும்பங்களின் கலப்பு. அதனால் தொடக்கத்தில் ஒரு கேட்டலிஸ்டுக்கும் இன்னொன்றுக்கும் கட்டளை மொழிகூட ஒத்துப்போகாது. பழைய சுவிட்சுகளின் இமேஜ் வரலாற்றில் இருக்கும் குழப்பத்தில் பாதி இந்தக் குடும்பக் கலப்பிலிருந்து வந்தது.

நாஞ்சில் நாட்டுக்கு இந்தப் பெட்டிகள் பெரும்பாலும் வங்கிகள், அரசு அலுவலகங்கள், பொறியியல் கல்லூரிகள் வழியாக வந்தன. 2011இல் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு மிகுந்த மாவட்டம் இது. குமாரகோவிலில் நூருல் இஸ்லாம் பொறியியல் கல்லூரி 1989இலும், சுங்கான்கடையில் தூய சவேரியார் கத்தோலிக்கப் பொறியியல் கல்லூரி 1998இலும் தொடங்கப்பட்டன. அதன் பிறகு தோவாளை முதல் மார்த்தாண்டம் வரை இன்னும் பல. ஆய்வகம் நிறையக் கணினி இருந்தால் சுவிட்சும் வேண்டும். கணினியை ஐந்து ஆண்டில் மாற்றுவார்கள்; சுவிட்சை யாரும் நினைப்பதில்லை. விளக்கு மினுக்குகிறவரை அது உயிரோடு இருப்பதாகக் கணக்கு. பதினைந்து ஆண்டு பழைய கேட்டலிஸ்ட் 2950 போன்ற பெட்டிகள் பல அலுவலகங்களில் இப்படித்தான் வேலை செய்துவந்தன.

அந்த 2950க்கான கடைசி இமேஜ்களில் ஒன்றின் கோப்புப் பெயர் ‘சி2950-ஐ6க்யூ4எல்2-எம்இசட்.121-22.இஏ14.பின்’. முதலில் பார்ப்பவருக்கு இது மருந்துச்சீட்டு போல இருக்கும். படிக்கத் தெரிந்தவருக்கு ஒவ்வோர் எழுத்தும் பேசும். ‘சி2950’ எந்தப் பொறிக்கு என்பது. வேறு பொறியில் ஏற்றினால் அது தொடங்காது. நடுவில் உள்ள ‘ஐ6க்யூ4எல்2’ எந்தெந்த வசதிகள் உள்ளே இருக்கின்றன என்பதன் குறி. இதே இடத்தில் ‘கே2’ சேர்ந்த இன்னொரு கோப்பும் உண்டு. அதில் மறையாக்கம் இருக்கும். மறையாக்க நிரலை ஏற்றுமதி செய்ய அமெரிக்கச் சட்டம் கட்டுப்பாடு விதித்திருந்ததால் ஒரே நிரலை இரண்டு கோப்பாகப் பிரிக்க நேர்ந்தது. ‘எம்’ என்றால் நிரல் ராம் என்ற தற்காலிக நினைவகத்துக்கு வந்துதான் ஓடும்; ‘இசட்’ என்றால் சுருக்கி வைக்கப்பட்டிருக்கிறது. ‘121-22’ என்பது 12.1ஆம் பதிப்பின் 22ஆவது பராமரிப்பு வெளியீடு. ‘இஏ’ சுவிட்சுகளுக்கென்று பிரிந்து ஓடிய கிளை. 14 அந்தக் கிளையின் மறுகட்டு எண். சாதியும் ஊரும் வீட்டுப்பெயரும் தந்தை பெயரும் ஒன்றாக வரும் பழைய பத்திரப் பெயர்களைப் படித்துப் பழகியவர்களுக்கு இது ஒன்றும் விசித்திரமில்லை.

இமேஜ் தங்கும் இடம் ஃபிளாஷ் நினைவகம். தோஷிபா நிறுவனத்தின் ஃபூஜியோ மாசுவோகா 1984இல் வெளியிட்ட கண்டுபிடிப்பு இது. இப்ராமின் ஜன்னலும் புற ஊதா விளக்கும் இதற்குத் தேவையில்லை; மின்சாரத்தாலேயே அழியும், மின்சாரத்தாலேயே எழுதும், மின்சாரம் போனாலும் நினைவு போகாது. 2950இல் அது 8 எம்பிதான். இமேஜ் ஏறக்குறைய 3 எம்பி. உலாவி வழியாகச் சுவிட்சை ஆள உதவும் கோப்புகளுக்கும் இடம் வேண்டும். பழையதையும் புதியதையும் சேர்த்து வைக்கப் பல நேரம் இடம் போதாது. அதனால் பழையதை அழித்துவிட்டுத்தான் புதியதைக் கொண்டுவர வேண்டியிருக்கும். இந்த வேலையின் முழு அபாயமும் அந்த இடைவெளியில் இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் நிரல் ராமில் இருப்பதால் பொறி ஒன்றும் தெரியாதது போல வேலை செய்யும்; ஃபிளாஷில் திரும்பிப் போக எதுவும் இருக்காது. அந்தச் சில நிமிடங்களில் மின்சாரம் போனால் சுவிட்சு அடுத்த முறை எழாது. மேக்ஸ் எக்ஸ்சேஞ்சுக்கு இருந்த இரண்டாவது பாதி, ஓர் அலுவலகத்துச் சுவிட்சுக்குக் கிடையாது.

கோப்பைக் கொண்டுவரும் வழி டிஎஃப்டிபி. 1981இல் வரையறுக்கப்பட்ட இந்த நெறிமுறை முடிந்தவரை சிறியதாக இருக்க வேண்டும் என்றே செய்யப்பட்டது. கடவுச்சொல் இல்லை, கோப்புறை பார்க்கும் வசதி இல்லை. கோப்பை 512 பைட்டுத் துண்டுகளாக நறுக்கி, ஒன்று கிடைத்தது என்று பதில் வந்த பிறகே அடுத்ததை அனுப்பும். துண்டு எண் 16 பிட்டுக்குள் அடங்க வேண்டியிருந்ததால் கோப்பு 32 எம்பியைத் தாண்டினால் தடுமாறும்; பழைய சுவிட்சுகளுக்கு அந்தக் கவலை இல்லை. மடிக்கணினியில் ஒரு டிஎஃப்டிபி சேவையகத்தை ஓடவிட்டு, வெளிர்நீலக் கன்சோல் கேபிளை ஒரு பக்கமும் வலையமைப்புக் கேபிளை இன்னொரு பக்கமும் செருகி உட்காருவதுதான் இமேஜ் ஏற்றுபவரின் வழக்கமான காட்சி. விவரம் தெரிந்தவர் முதலில் சுவிட்சின் அமைப்புக் கோப்பை நகலெடுப்பார்; ஃபிளாஷில் எவ்வளவு இடம் என்று பார்ப்பார்; யுபிஎஸ் உண்மையிலேயே தாங்குமா என்று சோதிப்பார். கோப்பு வந்த பிறகு, அது மாறாமல் வந்ததா என்று காட்டும் எம்டி5 கணக்கீட்டைச் சரிபார்த்து, அடுத்த முறை எந்தக் கோப்பிலிருந்து தொடங்க வேண்டும் என்று குறித்துவைத்த பிறகே மறுதொடக்கக் கட்டளையைக் கொடுப்பார். திரையில் சிறு கட்டங்கள் போன்ற குறிகள் வரிசையாக ஓடத் தொடங்கினால் நிரல் விரிகிறது என்று பொருள். அது வரை பேச்சு இருக்காது.

யுபிஎஸ் விஷயத்தை அலட்சியமாக எடுத்துக்கொள்ள இந்த மாவட்டம் இடம் கொடுக்காது. முப்பந்தலில் காற்றாலைகள் சுழன்றுகொண்டிருக்க, ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்றே கம்பிகளில் மரக்கிளையைச் சாய்த்து மின்சாரத்தை நிறுத்தும். இடிமழைக் காலத்தில் சுவிட்சின் முனைகள் ஒவ்வொன்றாகச் சாவதும் பழகிய செய்தி. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது மின்கம்பங்கள் கூட்டமாக விழுந்து, பல ஊர்களுக்கு மின்சாரம் திரும்பப் பல நாளாயிற்று. மின்கலம் வற்றி அணைந்து, மின்சாரம் வந்து வந்து போகும்போது திரும்பத் திரும்ப எழ முயலும் பழைய சுவிட்சுக்கு ஃபிளாஷில் உள்ள கோப்பு முறைமை கெட்டுப்போக அதைவிடச் சாதகமான சூழல் வேண்டியதில்லை.

எழாத சுவிட்சைத் தொழிலில் ‘செத்துப்போச்சு’ என்பார்கள். ஆனால் பெரும்பாலும் அது சாவில்லை. சுவிட்சின் அடியில், ஃபிளாஷுக்கும் முன்னால் ஓடும் ஒரு சின்னத் தொடக்க நிரல் உயிரோடு இருக்கும். முகப்பின் இடப்பக்கத்தில் உள்ள ‘மோடு’ பொத்தானை அழுத்திப் பிடித்தபடி மின்சாரம் கொடுத்தால், கன்சோலில் அது ‘சுவிட்ச்:’ என்று மட்டும் கேட்டு நிற்கும். வலையமைப்பு எதுவும் அதற்குத் தெரியாது. தெரிந்தது கன்சோல் கம்பியும் எக்ஸ்மோடமும். வார்டு கிறிஸ்டென்சன் 1977இல் வீட்டுக் கணினிகளுக்குள் கோப்பு அனுப்புவதற்காக எழுதிய எக்ஸ்மோடம், ஒரு தடவைக்கு 128 பைட் அனுப்பும். கன்சோலின் இயல்பு வேகமான 9600இல் 3 எம்பி கோப்பு வந்துசேர ஒரு மணி நேரத்தை நெருங்கும். வேகத்தை 115200க்கு உயர்த்தத் தெரிந்தவர் சில நிமிடங்களில் முடித்துவிடுவார். தெரியாதவர் ஒரு சாயா குடித்துவிட்டு வருவார், திரும்பி வந்தால் பாதியில் கேபிள் அசைந்து நின்றிருக்கும்.

இமேஜ் எங்கிருந்து கிடைத்தது என்பது இந்தத் தொழிலின் பேசப்படாத பக்கம். தயாரிப்பு நிறுவனத்தின் தளத்திலிருந்து இறக்கப் பராமரிப்பு ஒப்பந்தம் வேண்டும். அந்த ஒப்பந்தத்தின் ஆண்டுக் கட்டணம் சிறிய அலுவலகத்துக்குப் பாரம். பழைய சுவிட்சை நிறுவனமே கைவிட்ட பிறகு பணம் கொடுத்தாலும் கோப்பு கிடைக்காமல் போகலாம். ஆகவே ஒரு பொறியாளர் தன் குறுவட்டிலும் பென்டிரைவிலும் சேர்த்துவைத்த கோப்புகள் கைமாறி வந்தன. ஓடிக்கொண்டிருக்கும் ஒரு சுவிட்சிலிருந்து கோப்பை எடுத்துச் செத்த சுவிட்சில் போடுவதும் உண்டு. உரிமச் சட்டத்தின் கண்ணில் இது தவறு. அதைவிட உடனடியான சிக்கல், அந்தக் கோப்பை யாரும் மாற்றவில்லை என்பதற்கு என்ன சாட்சி என்பது. எம்டி5 கணக்கீட்டை நிறுவனம் வெளியிட்ட எண்ணோடு ஒப்பிடுவதே இருந்த ஒரே வழி. அதையும் செய்யாமல் ஏற்றியவர்களே அதிகம்.

பழைய இமேஜை அப்படியே விட்டுவைப்பதற்கும் விலை உண்டு என்பது 2017 மார்ச்சில் பெரிய அளவில் வெளிப்பட்டது. விக்கிலீக்ஸ் வெளியிட்ட அமெரிக்க உளவுத்துறை ஆவணங்களை ஆராய்ந்த சிஸ்கோ, தன் சுவிட்சுகளில் 318 மாதிரிகளுக்கு ஒரு பாதுகாப்பு ஓட்டை இருப்பதை அறிவித்தது. டெல்நெட் வழியாக வரும் ஒரு செய்தியால் சுவிட்சையே கைப்பற்றலாம். மறையாக்கம் இல்லாத இமேஜ் ஓடிய சுவிட்சுகளை வெளியிலிருந்து ஆள டெல்நெட்டே வழக்கமான வழி. அடுத்த ஆண்டு ஏப்ரலில் இன்னொன்று. புதிய சுவிட்சைச் செருகியவுடன் இமேஜையும் அமைப்பையும் தானே வாங்கிக்கொள்ள வேண்டும் என்று செய்யப்பட்ட ‘ஸ்மார்ட் இன்ஸ்டால்’ வசதி, சான்று எதுவும் கேட்காததால், இணையத்தில் திறந்து கிடந்த சுவிட்சுகளை யாரோ அழித்தார்கள். உலகெங்கும் ஏறக்குறைய 2 லட்சம் சுவிட்சுகள் பாதிக்கப்பட்டதாகவும் அவற்றில் 3,500 தங்கள் நாட்டில் என்றும் ஈரான் அரசு சொன்னது. திரையில் அமெரிக்கக் கொடியின் வடிவம் எழுத்துகளால் வரையப்பட்டிருந்தது. இமேஜ் ஏற்றும் வேலையிலிருந்து மனிதரை விலக்கிய வசதிதான் அழிப்பவருக்கும் கதவாயிற்று.

இன்று பெரிய வலையமைப்புகளில் இமேஜ் ஒரு மையத்திலிருந்து ஒரே நேரத்தில் போகிறது. ஆட்சியர் அலுவலகம், வட்டாட்சியர் அலுவலகம், ஊராட்சி ஒன்றியம் ஆகியவற்றை மாநில அரசின் எல்காட் நிறுவனம் நடத்தும் மாநிலப் பெருவலையமைப்பு இணைக்கிறது. கருவிகளின் நிலை தொலைவிலிருந்தே பார்க்கப்படுகிறது. தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை கொண்டுசெல்லும் பாரத்நெட் இரண்டாம் கட்டப் பணி 2022இல் தொடங்கப்பட்டது, கன்னியாகுமரி மாவட்டத்தின் முத்தலக்குறிச்சி ஊராட்சியில். இழை வழித் தகவலுக்கு ஒரு முறை கடைமடை தலைமடையானது. மாவட்டத்தின் ஊராட்சிகளில் வைக்கப்படும் கருவிகளின் நிரலை மாற்ற இனி யாரும் சில்லோடு பேருந்து ஏற வேண்டியதில்லை.

பழைய கேட்டலிஸ்டுகள் காயலான் கடைக்குப் போயின; கொஞ்சம் பயிற்சி ஆய்வகங்களுக்கு வந்தன. அங்கே அவற்றின் வேலையே இமேஜை இழப்பது. மாணவர் ஒருவர் ஃபிளாஷை வேண்டுமென்றே அழிப்பார், மின்சாரத்தை நிறுத்துவார், மோடு பொத்தானைப் பிடித்தபடி திரும்பக் கொடுப்பார், எக்ஸ்மோடத்தில் கோப்பை அனுப்புவார். அடுத்த மாணவர் வந்து அதே பெட்டியை மறுபடி அழிப்பார்.